அப்பா விட்டுச்சென்ற குட்டி ரயில்கள்: சிங்கப்பூரில் விற்க ஒரு முழுமையான வழிகாட்டி

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கும்போது, அலமாரியின் மேல்தட்டிலும் பாதுகாப்பு அறையிலும் அடுக்கியிருக்கும் மாதிரி ரயில் பெட்டிகள்தான் குடும்பத்தைத் திணறடிக்கின்றன. நகையென்றால் கடையில் எடை போட்டுச் சொல்லிவிடுவார்கள். இந்த ரயில்களுக்கு விலை சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் இப்போது இல்லை. பேரப்பிள்ளைகள் விளையாடட்டும் என்பார் ஒருவர். பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரைக் கூப்பிடலாம் என்பார் இன்னொருவர். எங்கோ காணொளி பார்த்த மைத்துனர், 'இதெல்லாம் பல ஆயிரம் வெள்ளி போகும்' என்று அடித்துச் சொல்வார். மூன்று பேச்சையும் கொஞ்ச நாள் ஒத்திவையுங்கள்.

நான் பார்த்தவரையில், ஒரு சராசரிச் சேகரிப்பில் ஐந்தில் ஒரு பங்குப் பொருள்கள்தான் பணத்தின் பெரும்பகுதியைக் கொண்டுவருகின்றன. அந்த ஒரு பங்கு எது என்று கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு முழுவதும் போக வேண்டும். மிச்சத்தை மொத்தமாகத் தள்ளிவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. கீழே உள்ள படிகளும் அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கின்றன.

முதலில்: விற்கும் உரிமை யாருடையது?

கைக்குள் அடங்கும் ரயிலானாலும் சட்டத்தின் கண்ணில் அது இறந்தவரின் சொத்து. உயில் இருந்தால், அதில் நிறைவேற்றுநராகக் குறிப்பிடப்பட்டவர் நீதிமன்றத்தில் உயிலை உறுதிப்படுத்தும் ஆணையைப் பெறுவார். உயில் இல்லையென்றால் நெருங்கிய உறவினர் ஒருவர் சொத்தை நிர்வகிக்கும் ஆணைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மொத்தச் சொத்து 50,000 வெள்ளிக்கு மிகாமல் இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் பொது அறங்காவலர் அலுவலகத்தையும் நாடலாம். உயில் எழுதாமல் இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து மறுபாதி. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பங்கு, ஃபராயித் எனப்படும் இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி. அதற்கு ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் வேண்டும். மரணச் சொத்து வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2008 பிப்ரவரி 15 முதல் அந்த வரி சிங்கப்பூரில் இல்லை.

சட்டம் ஒருபுறம் இருக்க, சண்டை பெரும்பாலும் மதிப்பே இல்லாத பொருளில்தான் கிளம்புகிறது. சின்ன வயதில் தம்பிக்குத் தொடக் கொடுத்த பச்சை எஞ்சின் எந்தச் சந்தையிலும் இருபது வெள்ளி தாண்டாது. ஆனால் அதை யாரோ முன்பின் தெரியாதவருக்கு அண்ணன் விற்றுவிட்டார் என்றால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். ஆகவே அம்மா முதலில், பிறகு பிள்ளைகள், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ நினைவாக எடுத்துக்கொள்ளட்டும். மற்றவற்றை விற்கச் சம்மதம் என்பதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனையை ஒருவரே கவனிக்க வேண்டும். இருவர் தனித்தனியே விலை சொன்னால் வாங்குபவர் அதை எளிதாகப் பயன்படுத்திக்கொள்வார்.

கலைப்பதற்கு முன் படம் எடுங்கள்

எதையும் நகர்த்தாமல், இருக்கிற நிலையிலேயே அலமாரி, மேசை, பெட்டி எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள். எந்த எஞ்சின் எந்தப் பெட்டிகளை இழுத்தது, எந்தக் கம்பி எங்கே போனது என்பது பிறகு அந்தப் படங்களில்தான் தெரியும்.

வெறும் அட்டைப் பெட்டி என்று எதையும் குப்பைக்குப் போடாதீர்கள். அதே எஞ்சின் மூலப் பெட்டியோடு இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. பெட்டிக்குள் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் சின்ன பிளாஸ்டிக் பைகளையும் கவனியுங்கள். உள்ளே ஒரு கொக்கி, முடியளவு மெல்லிய இரண்டு குழாய், ஒரு குட்டி ஏணி இருக்கும். வாங்கியவர் விரும்பினால் தானே பொருத்திக்கொள்ளட்டும் என்று தயாரிப்பாளர் வைத்தவை அவை. பை பிரிக்கப்படாமல் இருப்பதைப் பார்த்தாலே சேகரிப்பாளர் முகம் மலரும்.

ரசீதுகளையும் குறிப்பேட்டையும் தேடுங்கள். அந்தத் தலைமுறையினர் பலர் எதையும் எழுதிவைக்காமல் விட்டதில்லை. குறிப்பேட்டில் இருக்கும் விலையும் அம்மாவிடம் அப்போது சொன்ன விலையும் ஒன்றாக இருக்காது. அதை இப்போது கிளற வேண்டாம்.

அளவுகோலை எடுங்கள்

ரயில் தெரியாதவருக்கும் செய்யக்கூடிய முதல் பிரிப்பு இது. இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்.

32 மி.மீ. என்றால் 'ஓ' அளவு. 16.5 மி.மீ. என்றால் 'ஹெச்ஓ' அல்லது 'ஓஓ'. 9 மி.மீ. என்றால் 'என்'. 6.5 மி.மீ. என்றால் 'இசட்', மார்க்லின் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த, தீப்பெட்டிக்குள் அடங்கக்கூடிய அளவு அது.

குழப்பம் வருவது 16.5 மி.மீட்டரில்தான். ஐரோப்பிய, அமெரிக்க ஹெச்ஓ ரயில்கள் 87இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவை. பிரிட்டிஷ் ஓஓ ரயில்கள் 76இல் ஒரு பங்கு. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும், ஆனால் ஒன்றை வாங்குபவர் மற்றொன்றை வாங்க மாட்டார். ரயிலின் பக்கத்தில் எழுதியிருப்பது பிரிட்டிஷ் ரயில்வேயின் பெயரா, ஜெர்மன் ரயில்வேயின் பெயரா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். 'என்' அளவிலும் இப்படி ஒன்று உண்டு: ஜப்பானிய ஷிங்கான்சென் 160இல் ஒரு பங்கு, அந்நாட்டின் மற்ற சாதாரண ரயில்கள் 150இல் ஒரு பங்கு. விற்பவர் இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பெயரும் எண்ணும்

எஞ்சினைக் கவிழ்த்து அடிப்பகுதியையும், பெட்டியின் குறுகிய பக்கத்தில் உள்ள ஒட்டுத்தாளையும் பாருங்கள். பிரிட்டிஷ் நிறுவனமான ஹார்ன்பியின் பெட்டியில் 'ஆர்' என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். காட்டோ, டோமிக்ஸ், மார்க்லின் பெட்டிகளில் எண் மட்டும். அந்த எண்தான் அந்தப் பொருளின் அடையாள அட்டை. இணையத்தில் தேட வேண்டியது 'பழைய பச்சை ரயில் எஞ்சின்' என்று அல்ல, அந்த எண்ணை.

சிங்கப்பூர் வீடுகளில் அடிக்கடி தென்படும் பெயர்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஹார்ன்பி என்ற பெயர் பார்த்ததும் பரவசப்பட வேண்டாம். 1970களிலும் 80களிலும் பொம்மைக் கடைகளுக்கென்று ஏராளமாகச் செய்யப்பட்ட தொகுப்புகளுக்கு இன்று பெரிய விலை கிடையாது. பிற்காலத்தில் சீனாவில் தயாரான மாதிரிகளில் நுணுக்கம் பல மடங்கு கூடிவிட்டது. அவற்றுக்குத் தேவை இருக்கிறது. அதற்கு நேர்மாறாக, 'ஹார்ன்பி டப்லோ' என்று எழுதியிருந்தால் நிதானியுங்கள். 1938இல் அறிமுகமான வரிசை அது. கையில் எடுத்தாலே உலோகத்தின் கனம் தெரியும். தொடக்கத்தில் நடுவே மூன்றாவது தண்டவாளத்தோடு வந்தது. இரண்டு தண்டவாள வடிவம் 1959இல்தான் வந்தது. 1964இல் தாய் நிறுவனமான மெக்கானோ, டிரையாங் குழுமத்தின் கைக்குப் போனது. கடைசிக் காலத்துப் பொருள்கள் குறைவாகவே செய்யப்பட்டதால் அவற்றைத் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மார்க்லின் 1859 முதல் இருக்கும் ஜெர்மன் நிறுவனம். அதன் ஹெச்ஓ எஞ்சினின் வயிற்றில் நீளமான உலோகச் சறுக்குப் பட்டை ஒன்று இருக்கும்; தண்டவாளத்தின் நடுவே உள்ள புள்ளிகளிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு. அதைப் பார்த்தால் அந்தப் பொருளை மற்ற ஹெச்ஓ ரயில்களோடு கலக்காமல் தனியே வையுங்கள். வாங்குபவர் கூட்டமே வேறு.

இத்தாலியின் லிமா தயாரிப்புகள் பெரும்பாலும் மலிவு. ஜப்பானின் காட்டோவும் டோமிக்ஸும் இங்கே சுலபமாகப் போகும். வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரு மேசை மீதே முழு ரயில்பாதையை அமைத்துவிடலாம் என்பதால் 'என்' அளவுக்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறார்கள். பித்தளையில் கையால் செய்யப்பட்ட ஜப்பானிய, கொரிய எஞ்சின்கள் ஏதும் இருந்தால் உங்கள் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் தொடங்குகிறது. வர்ணம் பூசாமல் மஞ்சளாக மின்னினாலும் அது முடிக்கப்படாத பொருள் அல்ல.

பட்டியல்

ஒரு விரிதாள் போதும். வரிசை எண், தயாரிப்பாளர், பட்டியல் எண், அளவு, பெட்டி உண்டா, உதிரிப் பை உண்டா, ஓடுகிறதா, குறை என்ன, யார் கேட்டார்கள், விற்ற விலை. அதே வரிசை எண்ணைச் சிறு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். பெட்டி மேல் ஒட்ட வேண்டாம். சரக்குப் பெட்டிகளுக்கு இவ்வளவு விரிவு தேவையில்லை, எண்ணி எழுதினால் போதும்.

உடம்பு எப்படி இருக்கிறது?

இந்தப் படியில் பொறுமை வேண்டும். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். காற்றோட்டமில்லாத பாதுகாப்பு அறையில் இருபது ஆண்டு கிடந்த ரயிலுக்கு என்ன நேரும் என்பதை நான்கு இடங்களில் பார்க்க வேண்டும்.

ஒன்று, உலோக அடிச்சட்டம். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கசடு கலந்திருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கப்பட்டு வீங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். எஞ்சினைச் சமதளக் கண்ணாடி மேல் வைத்து, கண்களைத் தளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நடுச் சக்கரம் அந்தரத்தில் நின்றாலோ, சட்டம் வாழைப்பழம்போல் வளைந்திருந்தாலோ, வர்ணத்துக்கு அடியில் மயிரிழை வெடிப்புகள் சிலந்தி வலையாகப் படர்ந்திருந்தாலோ அதுதான் வியாதி. மருந்து கிடையாது. பக்கத்துப் பெட்டிக்குத் தொற்றாது. பசை போட்டு மறைக்காமல், விளம்பரத்தில் சொல்லிவிட்டு உதிரிப் பாகங்களுக்கான விலையில் விற்றுவிடுங்கள்.

இரண்டு, பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு. பித்தளை எஞ்சின்களைச் சுற்றியிருக்கும் பழைய நுரைப்பஞ்சு காலப்போக்கில் பிசினாகி வர்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெதுவாகப் பிரித்து, அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றுங்கள். பெட்டிகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தால் அதையும் இன்றே கழற்றுங்கள்.

மூன்று, சக்கரத்தின் ரப்பர் பட்டை. இறுகி வெடித்திருந்தால் கவலையில்லை, மாற்று கிடைக்கும்.

நான்காவது, அழுக்கு. இங்கே ஒரு எச்சரிக்கை. எஞ்சினின் கூரையில் கரியும், சக்கரங்களில் துருநிறமும், தண்ணீர்த் தொட்டியிலிருந்து வழிந்த சுண்ணாம்புக் கோடும் தெரிந்தால் ஈரத்துணியை எடுக்காதீர்கள். நிஜ நீராவி எஞ்சின் எப்படி அழுக்காகுமோ அப்படியே தெரிய வேண்டும் என்று ஒருவர் மணிக்கணக்கில் தூரிகை பிடித்து வரைந்ததாக இருக்கலாம். தூசி என்றால் எல்லா இடத்திலும் ஒரே சீராக, மேற்புறத்தில் மட்டும் படிந்திருக்கும்; வரைந்த அழுக்கு அடியிலும் இடுக்கிலும் இருக்கும். மென்மையான ஒப்பனைத் தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தின்னர், வாசனைத் திரவியம், துருநீக்கித் தெளிப்பான் எதுவும் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பழைய மின்மாற்றியை அப்படியே சுவரில் சொருகாதீர்கள். ஜப்பானில் வாங்கிய காட்டோ, டோமிக்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அந்நாட்டின் 100 வோல்ட்டுக்கானவை. இங்கே வருவது 230 வோல்ட். இணைத்த கணமே புகை. ஐரோப்பியப் பெட்டிகளில் அபாயம் வேறு மாதிரி: ஐம்பது வருடத்து வயரின் உறை தொட்டால் உதிரும். நேர்மின்னோட்டத்தில் ஓடும் சாதாரண எஞ்சினுக்கு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு வயரும் போதும். வலப்பக்கச் சக்கரத்தில் ஒன்று, இடப்பக்கச் சக்கரத்தில் ஒன்று, இரண்டு நொடி தொட்டுப் பாருங்கள். சக்கரம் சுழன்றால் 'ஓடுகிறது' என்று எழுதலாம். டிசிசி எனப்படும் எண்ணியல் கருவி பொருத்திய எஞ்சின் இந்தச் சோதனையில் அசையாமல் இருக்கலாம்; அதைப் பழுது என்று முடிவு கட்டக்கூடாது. மார்க்லின் ஹெச்ஓ எஞ்சின்களை இந்தச் சோதனையில் சேர்க்கவே வேண்டாம், அது மாறுமின்னோட்ட உலகம்.

விலை

ஈபேயில் ஒருவர் 600 வெள்ளி கேட்கிறார் என்பது விலை அல்ல, அவருடைய ஆசை. 'விற்று முடிந்தவை' என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, அதே பட்டியல் எண், அதே நிலை, பெட்டியோடு போனது எவ்வளவு என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் உள்ள விதிவிலக்குகளை விட்டுவிட்டு நடுவில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் அதே எஞ்சினைப் புதிய அச்சில் மறுபடி வெளியிட்டிருந்தால் பழையதன் விலை இறங்கியிருக்கும். ஐந்து வருடத்துக்கு முந்தைய தகவலை நம்பாதீர்கள்.

இன்னொரு கசப்பான உண்மை: அப்பா கொடுத்த விலை திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பது தவறு. பலருக்கு வராது. அவர் முதலீடு செய்யவில்லை, அனுபவித்தார்.

வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்தால், தனித்தனியே விற்றால் கிடைப்பதில் பாதி கிடைத்தாலே நல்லது. அவர் கடை வாடகை கட்ட வேண்டும், ஓடாததைப் பழுதுபார்க்க வேண்டும், விற்காததை வைத்திருக்க வேண்டும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. உங்களுக்கு நேரமில்லை என்றால் அதுவும் நியாயமான வழிதான். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எங்கே விற்பது

காட்டோ, டோமிக்ஸ், பொதுவாக ஓடும் ஹெச்ஓ ரயில்கள்: உள்ளூர். 2012இல் இங்கேயே தொடங்கிய கரோசல் தளமும், ஃபேஸ்புக்கில் இயங்கும் மாதிரி ரயில் குழுக்களும் போதும். அப்பாவோடு பழகிய ரயில் நண்பர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். துக்கம் விசாரிக்க வந்த அங்கிள் ஒருவரே எல்லாவற்றையும் அடையாளம் காட்டிவிடக்கூடும். அவரே வாங்க விரும்பினால், 'நீங்களே விலை சொல்லுங்கள் அங்கிள்' என்று விட்டுவிடாமல், பட்டியல் தயாரான பிறகு உங்கள் விலையோடு பேசுங்கள். இருவருக்கும் சங்கடம் இருக்காது.

ஹார்ன்பி டப்லோ, பழைய ஓ அளவுத் தகர ரயில்கள், அரிய பிரிட்டிஷ் மாதிரிகள்: இவற்றின் சந்தை இங்கிலாந்து. வெக்டிஸ் போன்ற பொம்மை ஏலக் கூடங்கள் படங்களைப் பார்த்து மதிப்பீடு சொல்லும். கழிவு எத்தனை விழுக்காடு, படம் எடுக்கக் கட்டணமா, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, அங்கே இறக்குமதியாகும்போது வரி யார் கட்டுவது, இந்த நான்கையும் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஓர் எஞ்சின் 100 பவுண்டுக்குப் போய், கழிவு 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கையில் 80. அஞ்சல் செலவு 30 என்றால் மிச்சம் 50 பவுண்டு. உள்ளூரில் 90 வெள்ளிக்குக் கேட்டவரை நினைத்து அப்போது வருந்த நேரலாம்.

பெட்டிகளுக்கு இடையே காகிதங்களும் கிடைக்கும். 1932இல் திறந்து 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் சேவை நின்ற தஞ்சோங் பகார் நிலையத்தின் டிக்கெட்டுகள், மலாயா ரயில்வே கால அட்டவணைகள், அப்பா எடுத்த புகைப்படங்கள். இவற்றை ரயில்களோடு சேர்த்து விற்காதீர்கள். வாங்குபவர்கள் வேறு, தேசிய நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுக்க முடியுமா என்று கேட்பதும் தகும்.

விளம்பரம், பேரம், பணம்

பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல், ஆறு படங்கள்: இரு பக்கம், முன், பின், அடிப்பகுதி, பெட்டியின் ஒட்டுத்தாள். குறை இருந்தால் ஏழாவது படம் அதற்கு. விவரத்தில் 'அப்பாவின் சேகரிப்பு, எனக்கு ரயில் பற்றித் தெரியாது' என்று எழுதாதீர்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைப் படித்துவிட்டு வருபவர் பாதி விலை கேட்பார். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: எண், நிலை, சோதித்த விதம்.

'கடைசி விலை என்ன?' என்று ஒரே வரியில் கேட்பவருக்கு, போட்டிருக்கும் விலையையே பதிலாகச் சொல்லலாம். மூன்று நான்கு பொருள்களைச் சேர்த்துக் கேட்பவருக்குக் குறைத்துக் கொடுங்கள். தொகுப்பைப் பிரித்து, எஞ்சினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் உறுதியாக மறுத்துவிடுங்கள். எஞ்சின் போன தொகுப்பின் ரயில் பெட்டிகளை யாரும் வாங்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வரச் சொல்வதைவிட எம்ஆர்டி நிலையத்தின் கட்டண வாயில் அருகே சந்திப்பது நல்லது. பேநவ் மின்கட்டண முறையில் பணம் வந்ததை உங்கள் வங்கிச் செயலியில் பாருங்கள். எதிரில் நிற்பவர் தன் கைப்பேசித் திரையில் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். 'கூரியர் வந்து எடுத்துக்கொள்வார், இந்த இணைப்பில் வங்கி விவரம் கொடுங்கள்' என்றால் அது மோசடி. சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் விசாரிக்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எஞ்சினை மூலப் பெட்டியிலும், அதை மெத்தென்ற தாளிலும், பிறகு எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்ட பெரிய பெட்டியிலும் வையுங்கள். ஒட்டுநாடாவை மூலப் பெட்டியின் மேல் ஒட்டாதீர்கள். அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்குக் கொடுத்துவந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. அங்கிருந்து வாங்குபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மிச்சமும் மேசையும்

விலை போகாத சரக்குப் பெட்டிகள், நிலையக் கட்டடங்கள், குட்டி மரங்கள் எல்லாவற்றையும் அளவுவாரியாகப் பிரித்து, பத்துப் பதினைந்தாக ஒரு பெட்டியில் போட்டு மொத்த விலைக்குத் தள்ளுங்கள். புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு அது பெரிய உதவி.

அப்பா கட்டிய ரயில்பாதை மேசையை அப்படியே வாங்க ஆள் கிடைப்பது அபூர்வம். தண்டவாளம், பாதை மாற்றிகள், அவற்றின் சிறு மோட்டார்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றைக் கழற்றித் தனியாக விற்கலாம். தண்டவாளம் பசையில் ஒட்டியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, தட்டையான கத்தியால் நெம்புங்கள். மிஞ்சும் பலகை மின்தூக்கிக்குள் நுழையுமா என்று அளந்து பார்த்து, நுழையாவிட்டால் அறுத்துவிடுங்கள். பெரிய பொருள்களை அகற்ற நகர மன்றத்தை அழைத்து நாள் குறித்துக்கொள்ளலாம். அவர்கள் வரும்வரை பலகையை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.